சைக்கிள் கொட்டில் எரிந்த நாளும் எங்கள் அண்ணாவும்

அண்ணா சாந்த குணம் கொண்டவர் என்று இந்த நினைவு மலரில் எழுதினால், அதை வாங்கி வாசிக்கும் உங்களுக்கே சிரிப்பு வரும். அவருடைய கோபத்தை அறியாத வீடு எத்தாளையில் இல்லை. அவர் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. அவருடைய ஒரே தங்கையாகிய நான் அவரை இருந்தபடியே எழுத விரும்புகிறேன். சோடித்து எழுதினால் முதலில் கோபிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

அண்ணா எத்தாளையில், கடற்கரையை ஒட்டிய, தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர். அம்மா சிலாபத்துப் பிள்ளை, சிங்களமும் தமிழும் கலந்தே கதைப்பா. இரண்டு மொழியும் அண்ணாவுக்கு அம்மாவிடமிருந்து வந்தன. கோபம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பா ஒரு நாயைக்கூட அதட்டாதவர். அண்ணாவோ பள்ளிக்கூடத்தில் என் சட்டையில் மை ஊற்றிய பையனை மைக்கூட்டாலேயே நெற்றியில் அடித்தவர். அந்தப் பையன் அந்தத் தழும்போடு இன்று பெரியவராக நம் ஊரில் இருக்கிறார். அண்ணாவின் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர்.

அப்பா காலமானபின் அண்ணா படகுக்குப் போனார். அது போர்க்காலம். கடலுக்குப் போக அனுமதி அட்டை வேண்டும். ஒருநாள் இயந்திரம் நின்றுபோய், காற்று படகை வடக்கே தள்ளிக்கொண்டு போனது. கரையில் பிடித்தவர்கள் அண்ணாவை வேறு ஆளாக நினைத்தார்கள். பல நாட்கள் வைத்திருந்தார்கள். உள்ளங்காலிலும் கணுக்காலிலும் அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவனின் விரலைத் தான் கடித்துவிட்டதாக அண்ணா பிற்காலத்தில் சந்தோசமாகச் சொல்லுவார். அதற்கும் சேர்த்து அடித்திருப்பார்கள். திரும்பி வந்தபோது வலது கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆடும் படகில் அந்தக் காலை ஊன்றி நிற்க முடியவில்லை. கடற்தொழில் அத்தோடு முடிந்தது.

நடக்க நொண்டிய கால் சைக்கிள் மிதிக்க நொண்டவில்லை. அதைக் கண்டுபிடித்த நாளில்தான் அண்ணா மறுபடி சிரித்தார். அப்பாவின் துருப்பிடித்த சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்துப்போட்டு, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மீண்டும் பூட்டினார். முதல் தடவை பிழையாகிப்போனது. கோபத்தில் அதைத் தூக்கி மதிலில் அடித்தார். அடித்ததில் முன்சில்லு நெளிந்தது. பிறகு அந்தச் சில்லை நிமிர்த்தக் கற்றார். அவருடைய படிப்பெல்லாம் இப்படித்தான், உடைத்து உடைத்தே நடந்தது.

நம் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும் வேகம் உங்களுக்குத் தெரியும். ஊரில் வீட்டுக்கு ஒன்றாகப் பழைய சைக்கிள்கள் வேலிகளில் சாய்ந்து கிடந்தன. அவையெல்லாம் மெல்ல மெல்ல எங்கள் முற்றத்துக்கு வந்தன. அண்ணா வீட்டோடு ஒரு கொட்டில் போட்டார். சில்லுக் கம்பி மாற்றினார், வெடித்த சட்டங்களைப் பித்தளை உருக்கி ஒட்டினார், கறுப்புப் பூசினார். கடைசியாக மெல்லிய தூரிகையால் பொன்னிறக் கோடு இழுப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவரோடு யாரும் கதைக்கக்கூடாது. கதைத்தால் தூரிகை பறக்கும்.

அண்ணி நீர்கொழும்புப் பக்கத்தவர். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு கிடைக்கவில்லை. என் கணவர் கடலில் இறந்துபோனபின், நானும் என் மகன் ரொஷானும் அண்ணா வீட்டுக்குப் பக்கத்துக் காணியில்தான் வாழ்ந்தோம். என் கணவரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒருமுறை அவர் குடித்துவிட்டு என்மேல் கைவைத்தார். அண்ணா வந்து அவரைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் அடித்தார். முன்பல் விழுந்தது. பல் கட்டுவதற்கு மறுகிழமை கற்பிட்டிக்கு அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவரும் அண்ணாதான். போகும் வழியெல்லாம் இருவரும் கதைத்துச் சிரித்துக்கொண்டு போனார்களாம். என் கணவர் அதன்பின் என்னைத் தொட்டு அடித்ததில்லை.

தகப்பன் இல்லாத ரொஷானை அண்ணாவும் அண்ணியும்தான் வளர்த்தார்கள். அவனுக்குச் சைக்கிள் வேலையில் நாட்டமில்லை. மோட்டார் சைக்கிள், படகு இயந்திரம், வேகம், இவைதான் அவனுக்கு வேண்டும். கோபத்தில் மட்டும் மாமனை உரித்து வைத்தவன்.

போர் முடிந்து வடக்குப் பாதைகள் திறந்தபின் அண்ணாவின் வாழ்க்கைக்குள் ஜவ்பர் நானா வந்தார். அவர் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கரைத்தீவில் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தவர். பழைய இரும்பு வாங்கி விற்பவர். தங்கள் பழைய வளவுகளைப் பார்க்க மன்னாருக்குப் போய்வந்த சனங்கள், பற்றைக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் கிடந்த தங்கள் சைக்கிள்களின் எலும்புகளைக் கொண்டுவந்து அவரிடம் போட்டார்கள். உருக்குவதற்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. யாரோ சொல்லி எங்கள் முற்றத்துக்கு ஏற்றிவந்தார். அண்ணா ஒரு சட்டத்தைத் தூக்கித் தட்டிப் பார்த்தார்.

“நானா, இது இங்கிலாந்து இரும்பு. இதை உருக்கக் குடுத்தா உங்களத்தான் முதல்ல உருக்குவன்.”

“அதுக்குத்தானே தம்பி உங்கட்ட கொண்டாந்தன்” என்றார் ஜவ்பர் நானா.

அன்று தொடங்கிய சிநேகிதம். அது அமைதியான சிநேகிதம் அல்ல. ஒருமுறை அண்ணா ஒதுக்கி வைத்திருந்த, முன்சில்லைத் தாங்கும் முன்கவை ஒன்றை ஜவ்பர் நானா தெரியாமல் விற்றுவிட்டார். அண்ணா சுத்தியலை எறிந்தார். அது அவருடைய காதுக்குப் பக்கத்தால் போய் அண்ணியின் தண்ணீர்க் குடத்தை உடைத்தது. ஜவ்பர் நானா குனிந்து சுத்தியலை எடுத்தார். “குறி தப்பிட்டுது தம்பி. திரும்ப எறியிங்க” என்று நீட்டினார். பிறகு இருவரும் ஒரே பாண் ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணி குடித்தார்கள். இப்படித்தான் வருடங்கள் போயின. ஜவ்பர் நானா கொண்டுவருவார், அண்ணா உயிர்கொடுப்பார், உரியவர்கள் கரைத்தீவில் தங்கள் பழைய சைக்கிளில் ஏறி ஓடுவார்கள்.

இனி எழுதப்போவதை இந்த மலரில் எழுதவேண்டாம் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். மரியாதையோடு மறுத்துவிட்டேன். அண்ணாவின் கண்ணும் பிறகு உயிரும் போனது அந்த நாளால்தான். அதை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியாது.

உயிர்த்த ஞாயிறு திருப்பலியில், முஸ்லிம் பெயர் கொண்ட சிலர் நம் கோயில்களில் குண்டுகளை வெடிக்கவைத்த வருடம் அது. அண்ணியின் ஒரே தங்கை அன்று பூசைக்குப் போயிருந்தா. ரொஷானுக்கு அவ சின்ன மாமி. சின்ன வயதில் விடுமுறைக்கெல்லாம் அவவிடம்தான் அவன் போவான். உடலை அடையாளம் காட்டப் போனவனும், பெட்டியைத் தோளில் சுமந்தவனும் அவன்தான். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று அவனுக்கு மட்டும் தெரியும். திரும்பி வந்தவன் சாப்பிடவில்லை. இரவெல்லாம் படகு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

ஊரடங்கு தளர்ந்து சில நாட்களில், ஒரு பின்னேரம், ஜவ்பர் நானா துக்கம் விசாரிக்க வந்தார். தன் வண்டியைக் கொண்டுவராமல் பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து நடந்து வந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். சந்தியில் நின்ற பையன்கள் அவரைக் கண்டிருக்கிறார்கள்.

அண்ணா கொட்டிலில் ஒரு சில்லைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஜவ்பர் நானா வாசலில் நின்று, “தங்கச்சிட மவுத்தக் கேள்விப்பட்டன். முதலே வந்திருக்கணும். வழி இல்ல” என்றார். அண்ணி அவரைப் பார்த்தா. உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. ஜவ்பர் நானா அழுதார். அண்ணா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, “இருங்கோ நானா. அவளுக்கு நேரம் வேணும்” என்றார்.

தேத்தண்ணி வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை. சந்தியிலிருந்து வரும் ஒழுங்கை வழியாகக் கூட்டமாக வந்தார்கள். பொல்லுகள், இரும்புக் குழாய்கள், ஒருவன் கையில் துடுப்பு. எல்லோரும் எங்கள் பிள்ளைகள். நான் முன்பள்ளியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். முன்னுக்கு வந்தவன் என் மகன்.

அண்ணா ஜவ்பர் நானாவைப் பிடித்து, வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே தள்ளினார். வெளியில் வந்து வாசலை மறித்து நின்றார். கையில் ஒரு சைக்கிள் முன்கவை இருந்தது. சில்லைப் பிடித்து நிற்கும் அந்த இரண்டுகால் இரும்பு எவ்வளவு பாரம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். சத்தம் கேட்டு நான் வேலிக்கு ஓடிவந்தேன்.

“மாமா, ஆளை வெளியில விடுங்கோ” என்றான் ரொஷான்.

“அவர் என்ர வீட்டுக்குச் செத்தவீடு கேட்டு வந்த ஆள். நீ வீட்ட போ.”

“சின்ன மாமிய நீங்க பாக்கல்ல. நான் பாத்தனான்.”

“தெரியும் மகன். அதுக்கு இந்தாள் என்ன செய்தவர்?”

“விலகுங்கோ மாமா.”

“நீ இன்னும் ஒரு அடி வச்சா நான் அடிப்பன். சும்மா சொல்லல்ல.”

பின்னால் நின்றவர்கள் பொறுக்கவில்லை. கொட்டிலுக்குள் பாய்ந்தார்கள். தொங்கிய சட்டங்களை இழுத்து விழுத்தி, கம்பிகளை மிதித்து, புதுப் பூச்சுக் காயாத சைக்கிள்களைச் சுவரோடு அடித்தார்கள். துரு கழுவ அண்ணா வைத்திருந்த மண்ணெண்ணெயையே எடுத்து ஊற்றிக் கொளுத்தினார்கள். கிடுகுக் கூரை ஒரே மூச்சில் பற்றியது. அண்ணா திரும்பிப் பார்க்கவில்லை. வாசலை விட்டு அசையவும் இல்லை.

ரொஷான் அடி எடுத்து வைத்தான். அண்ணா அடித்தார்.

கைகொண்டு தடுத்தான். முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வேலியடியில் நின்ற எனக்குக் கேட்டது. அவன் மண்ணில் விழுந்தான். அடுத்த கணம் மற்றவர்கள் அண்ணாமேல் விழுந்தார்கள். ஒரு குழாய் முகத்தின் வலப்பக்கத்தில் இறங்கியது. அண்ணா முழங்காலில் விழுந்தார். அப்போதும் முன்கவையைச் சுழற்றினார். ஒருவனின் முழங்காலில் பட்டது. அவன் கத்தினான். முதுகிலும் தலையிலும் அண்ணாவுக்குப் பொல்லுகள் விழுந்துகொண்டே இருந்தன. நான் என் மகனிடம் ஓடினேன். அவனைத் தூக்கி மடியில் கிடத்தினேன். பத்தடி தூரத்தில் என் அண்ணாவை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். கத்தத்தான் முடிந்தது.

சிலர் வீட்டைச் சுற்றிப் பின்கதவுக்குப் போனார்கள். அங்கே அண்ணி மீன் வெட்டும் கத்தியோடு நின்றா. ஜவ்பர் நானா பிறகு சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அண்ணி அவரை உள்ளறையில், செத்துப்போன தங்கையின் படத்துக்கு முன்னால் இருத்தி, “வாயத் திறக்காதீங்கோ” என்று மட்டும் சொன்னாவாம். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லையாம். பின்கதவைத் திறந்து படியில் நின்று கேட்டா:

“என்ர தங்கச்சிக்காகவா வந்தனீங்க? அவளின்ர பேர் என்ன? சொல்லுங்கோ பாப்பம்.”

வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

“பேர் தெரியாத ஆளுக்காக என்ர புருசனை அடிக்கிறீங்களோ? இந்தப் படியில கால் வச்சவனை நான் வெட்டுவன்.”

அந்த நேரத்தில்தான் கொட்டிலுக்குள் டயர்கள் வெடிக்கத் தொடங்கின. காற்று நிரப்பி வைத்திருந்த டியூப்புகள் நெருப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. குண்டுச் சத்தத்தை அப்போதுதான் கேட்டு வந்த நாடு அது. பொல்லெடுத்து வந்த அத்தனை பேரும் தலையைப் பொத்திக்கொண்டு மண்ணில் குப்புற விழுந்தார்கள். ஒருவன் “அம்மா” என்று அழுதான். இரண்டு மூன்று தடவை வெடித்து ஓய்ந்ததும் எழுந்து பார்த்தார்கள். முற்றத்தில் இரத்தம், நெருப்பு, நாங்கள். ஒருவரும் ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் ஓடிப்போனார்கள்.

அயலவர் ஒருவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் பாய் விரித்து அண்ணாவையும் ரொஷானையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணியும் நானும் நடுவில் இருந்தோம். அண்ணாவின் முகத்தைக் கட்டிய சேலை முழுவதும் இரத்தம். பாதி வழியில் ரொஷான் கேட்டான்.

“மாமா, இத்தனை பேர் வந்தம். நீங்க என்னைத்தான் அடிச்சீங்க.”

அண்ணா மெதுவாகச் சொன்னார்: “நீதான் முன்னுக்கு வந்தாய்.”

அதன்பின் இருவரும் கதைக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அண்ணாவின் கடைசி நாள்வரை கதைக்கவில்லை.

வீட்டுக்குப் பரவுமுன் அயலவர்கள் நெருப்பை அணைத்திருந்தார்கள். ஜவ்பர் நானாவிடம் அண்ணி இருட்டும்வரை அறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தா. பங்குத்தந்தை வந்து தன் வாகனத்தில் ஏற்றிக் கரைத்தீவுவரை கொண்டுபோய் விட்டார்.

அண்ணாவின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ரொஷானின் கையில் கம்பி வைத்தார்கள். ஆனாலும் முழங்கை அதன்பின் நீளவில்லை. பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். யார் அடித்தது என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்:

“அடிச்ச பக்கத்துக் கண்தான் போயிட்டுது. அதைத்தான் கேக்கவேணும்.”

“பையனின் கை?”

“அது நான். முழு மனதோட அடிச்சனான். எழுதுங்கோ.”

எழுதினார்கள். அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறிய ஒரே ஆள் அண்ணாதான். ரொஷான் நீதிமன்றத்தில் போய், தான் விழுந்துதான் கை முறிந்தது என்று சொன்னான். நீதவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அண்ணாவை விடுவித்தார்.

நான் அண்ணாவோடு கதைப்பதை நிறுத்தினேன். என் பிள்ளையின் கையை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ரொஷானால் வலை இழுக்க முடியவில்லை. கரண்டி பிடிக்கவே பழகவேண்டியிருந்தது. பாலாவியில் உப்புக் களஞ்சியமொன்றில் லொறிகளுக்கு மூட்டை பார்த்து அனுப்பும் வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணாவின் இருமல் கேட்கும். இந்தப் பக்கம் என் வானொலி கேட்கும். அவ்வளவுதான் எங்கள் கதை.

கொட்டில் எரிந்து மிஞ்சிய சட்டங்கள் முற்றத்தில் குவிந்து கிடந்தன. பார்க்க முழுசாகத்தான் இருந்தன. பூசினால் புதிதாகிவிடும் என்று சிலர் வாங்க வந்தார்கள். அண்ணா கொடுக்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு, இரும்பு அறுக்கும் வாள் எடுத்து ஒவ்வொரு சட்டத்தையும் குறுக்காக அறுத்தார். “நெருப்புக் குடிச்ச இரும்புக்கு உரம் இல்ல. ஆள் ஏறினா மடியும். நான் செய்த சைக்கிளில ஏறி ஒருத்தன் விழக்கூடாது” என்று அண்ணியிடம் சொன்னதை வேலியால் கேட்டேன். பல நாட்கள் அந்த வாள் சத்தம் மட்டும்தான் கேட்டது. அறுத்து முடித்தபின் அவர் கதிரையில் இருந்து எழும்பவே இல்லை. சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். அண்ணியைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். கண்ணாடியில் முகத்தைக் கண்டு கண்ணாடியை உடைத்தார்.

ஒருநாள் காலை அண்ணி உடுத்து வெளிக்கிட்டா. எங்கே என்று வேலியடியில் நின்று கேட்டேன்.

“கரைத்தீவுக்கு. ஜவ்பர் நானாவக் கூட்டிவரப் போறன்.”

“நீங்களா அண்ணி?”

“நான்தான். என்ர மனசு இன்னும் ஆறல்ல. அது வேற கதை. இந்த மனுசன் கையில சில்லு இல்லாட்டி மற்றக் கண்ணையும் குத்திக்கொள்ளும்.”

பஸ் மாறிப் பஸ் மாறிப் போய், ஜவ்பர் நானாவின் வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறா. அவருடைய மனைவி எத்தாளைக்கு அனுப்ப மாட்டேன் என்று மறுத்துவிட்டா. அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். ஊருக்குள் வரவேண்டாம். பாலாவிச் சந்தியில் சந்திப்பது. பழைய சைக்கிள்களை அவர் அங்கே இறக்குவார். அண்ணி பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வருவா. செய்து முடித்ததை அண்ணாவே பாலாவிவரை மிதித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவ்வளவு தூரம் ஓடிய சைக்கிளில் பிழை இருந்தால் வழியிலேயே தெரிந்துவிடும் என்பது அவருடைய நியாயம்.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. சில்லு எந்தப் பக்கம் நெளிகிறது என்று அண்ணாவால் பார்க்க முடியவில்லை. அண்ணி முக்காலி போட்டு முன்னால் இருந்து சொல்லுவா. “இடப்பக்கம் தட்டுது. இன்னும் கொஞ்சம். ஐயோ, கூடிப்போச்சு.” அண்ணா கம்பியை முறுக்குவார், ஏசுவார், எறிவார். அண்ணி எடுத்துக் கொடுப்பா. முதற் சில்லு நேராக ஓட ஒரு முழுநாள் எடுத்தது. அன்று பின்னேரம் முன்பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த என் சைக்கிள் செயின் சரியாக அண்ணா வீட்டுக்கு முன்னால் அறுந்தது. நான் இறங்கி உருட்டப்போனேன். அண்ணா எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து, கண்ணியை ஒட்டி, எண்ணெய் விட்டு, நிமிர்த்தி என் கையில் தந்தார்.

“அவன் சாப்பிடுறானா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

அதன்பின் நாங்கள் கதைத்தோம். ஒருநாள் நான் கேட்டேன், அடித்தவர்களின் பெயர்களை ஏன் சொல்லவில்லை, மன்னித்துவிட்டீர்களா என்று. அண்ணாவுக்குக் கோபம் வந்தது.

“மன்னிச்சனோ? யார் சொன்னது? பேர் சொன்னா வழக்கு நடக்கும், முடிஞ்சிடும், அவங்கள் மறந்திடுவாங்கள். நான் சொல்லாமல் இந்த ஊருக்குள்ள ஓடித் திரிவன். என்னைக் காணுற நேரமெல்லாம் அவங்கள் இந்தக் குழியைப் பாக்கட்டும்.”

அப்படித்தான் திரிந்தார். கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். போடவில்லை.

கடைசி நாள் வந்தது. ஜவ்பர் நானாவின் சிறிய தகப்பனாருடையது என்று மன்னார்க் கிணறொன்றிலிருந்து எடுத்த சைக்கிளை அண்ணா பல மாதங்களாகச் செய்துகொண்டிருந்தார். பொன்னிறக் கோட்டைக் கையால் இழுக்க ஏலாமல், அண்ணி நூல் பிடிக்க, நூலோடு சேர்த்து இழுத்திருந்தார். காலை வெயில் ஏறும் முன் புறப்பட்டார். வழியில் எங்கும் நிற்கவில்லை. பாலாவிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினார். பின்னால் வந்த லொறி வலப்பக்கத்தால்தான் வந்தது. சாரதி சத்தம் போட்டிருக்கிறார். சந்தியில் அந்த நேரம் எல்லா வாகனமும் சத்தம்தான். அண்ணாவுக்கு அந்தப் பக்கம் கண் இல்லை. சாரதியைக் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை.

உப்புக் களஞ்சியம் சந்தியிலிருந்து கூப்பிடு தூரம். யாரோ அடையாளம் கண்டு ஓடிப்போய்ச் சொல்லி ரொஷான் வந்தான். லொறிச் சில்லு இடுப்பின் மேலால் ஏறியிருந்தது. அவன் தெருவிலேயே உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் தூக்கி வைத்தான்.

“யார்?” என்று அண்ணா கேட்டார்.

“ரொஷான், மாமா.”

பிறகு அண்ணா கேட்டார்:

“கை எப்படி?”

“நீட்ட ஏலாது மாமா.”

“பலமாத்தான் அடிச்சிட்டன்” என்றார் அண்ணா.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவருடைய உயிர் பிரிந்தது. அந்தக் கேள்விக்காகத் தான் எத்தனையோ நாள் காத்திருந்ததாக, மாமனின் இரத்தம் காய்ந்த சட்டையோடு வந்து நின்று, ரொஷான் என்னிடம் சொன்னான்.

அடக்கத்தன்று காலை ஜவ்பர் நானா தன் மக்களோடு பஸ்ஸில் வந்து நம் சந்தியில் இறங்கினார். உள்ளே வருவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். இந்தச் செய்தி செத்தவீட்டுக்கு வந்ததும் பந்தலுக்குள் பலருடைய தலைகள் குனிந்தன. ரொஷான் எழுந்தான். தனியாகச் சந்திவரை நடந்துபோனான். ஜவ்பர் நானாவின் முன்னால் நின்று, “நானா, அண்டைக்கு முன்னுக்கு வந்தவன் நான்தான். என்ர பேர் ரொஷான்” என்று சொன்னான். அவர் அவனைப் பார்த்தார். நீட்ட முடியாத அந்த முழங்கையைப் பார்த்தார். “தெரியும் மகன். வாங்க, தம்பிக்கிட்டப் போவம்” என்றார். இருவரும் ஒழுங்கையால் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள். அண்ணி எழுந்து இருவருக்கும் இடம் விட்டா.

எங்கள் துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று வாகனம் தந்த அயலவருக்கும், எங்களோடு நின்ற பங்குத்தந்தைக்கும், பாலாவியில் சேலை விரித்து மறைத்து நின்ற முகம் தெரியாத பெண்களுக்கும், சேமக்காலையில் குழி வெட்டியவர்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், ஜவ்பர் நானா குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. அண்ணிக்கு நன்றி சொன்னால் ஏசுவா. ஆகவே அதை எழுதாமல் விடுகிறேன்.

அன்று பொல்லெடுத்து வந்த இன்னும் சிலர் இருக்கிறீர்கள். இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து எங்கள் முற்றத்தில் மதியச் சாப்பாடு. உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருக்கிறோம். வாருங்கள். அண்ணிக்கு முன்னால் வந்து நின்று, உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு இருந்து சாப்பிடுங்கள்.